கைமாற்றுக்குப் பதினொரு பிள்ளைகள்

ஓர் ஊரின் நம்பிக்கைக்கு அந்த வருடம் நாளொன்றுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் விலை போயிற்று. சாப்பாடும் வாகனமும் தனி. வாங்கியவர்கள் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருந்த பாடசாலைச் சீர்திருத்தத் திட்டக்காரர்கள். விற்றவள் பளீலா. நம்பிக்கைக்குச் சொந்தக்கார ஊருக்கு இப்படியொரு வியாபாரம் நடந்ததே தெரியாது.

பளீலா புத்தளம் கடைத்தெருவில் கருவாடு மொத்தமாக விற்றவரின் மகள், மானிடவியலில் கலாநிதி. அது என்ன படிப்பு என்று வாப்பா ஒருமுறை கேட்டிருந்தார்.

"மத்தவங்க எப்படி வாழ்றாங்கண்டு கேட்டு எழுதுறது."

"கேக்கிறதுக்கு அவங்களுக்கு நீ காசு குடுப்பியா?"

"இல்ல."

"எழுதினதுக்கு உனக்கு ஆரும் தருவாங்களா?"

"இல்ல வாப்பா."

"முதலில்லாத யாவாரம்" என்று அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நட்டம் வராது. லாபமும் வராது."

பல வருடங்களுக்கு அவர் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகு யுத்தம் முடிந்தது. வெளிநாட்டுப் பணம் பள்ளிக்கூடங்களுக்கென்று வந்திறங்கியது. பிள்ளைகள் ஏன் வகுப்புக்கு வருவதில்லை, வந்தவர்கள் ஏன் நிற்பதில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் தேவைப்பட்டது. கேட்பதுதானே பளீலாவின் தொழில்? நான்கே வருடத்தில் அவள் கல்வி ஆலோசகரானாள். மூன்று மாவட்டங்களில் மரத்தடி வகுப்புகளையும் மழைக்கு ஒழுகும் வகுப்புகளையும் பார்த்து முடித்திருந்தாள். அவள் எழுதிய அறிக்கைகளில் பாதியை யாரும் வாசிக்கவில்லை. மீதியை வாசித்தவர்கள் பள்ளிக்கூடங்களை மூடினார்கள்.

2013இல் வந்த வேலை அவள் வீட்டு வாசலுக்கே வந்ததுபோல இருந்தது. கற்பிட்டிப் பாதையில், நாவற்திடலில், ஒரு கிறவல் ரோட்டின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடம். மற்றது, பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், எல்லோர் வாயிலும் அகதிப் பள்ளிக்கூடம். மன்னார்ப் பக்கத்துச் சின்னமடுவிலிருந்து 1990இல் விரட்டப்பட்டு, வள்ளங்களில் வந்திறங்கிய சனங்கள் கட்டியது. முதல் மாதம் நாவற்திடல் அவர்களுக்கு இரண்டு கையாலும் சோறு போட்டது. அதற்குப் பிறகு கூலி வேலைக்கு யார் குறைத்துப் போவது, நல்ல தண்ணீர்க் கிணற்றில் யார் முதலில் அள்ளுவது என்று இருபத்துமூன்று வருடப் பேச்சு. 2002இல் விளையாட்டுப் போட்டிக்கென்று அகதிப் பள்ளிக்கூடம் நாற்பது கதிரைகள் இரவல் கேட்டபோது, கதிரைகளுக்குப் பெயின்ற் அடிக்கிறோம் என்று ஊர்ப் பள்ளிக்கூடம் சொல்லியனுப்பியது. அந்தப் பெயின்ற் இன்னும் காயவில்லை.

திட்டத்தின் விதி சுருக்கமானது: ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கூடம் மூடப்படும். 'மூடுதல்' என்ற சொல் அவர்களிடம் கிடையாது, 'ஒன்றிணைத்தல்' என்பார்கள். பிள்ளைகள் ஒன்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் சந்திப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். காலையில் ஒரு பஸ். அதுவும் யாருக்கும் காத்து நிற்காது. பஸ் தவறினால் ஆண்பிள்ளை சைக்கிளில் போவான். பெண்பிள்ளை வீட்டில் நிற்பாள். இரண்டு மாதம் நின்றால் பிறகு போகவே மாட்டாள். இதைப் பளீலா கேள்விப்பட்டவள் அல்ல, பார்த்தவள்.

பளீலாவை அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய ஆய்வே சின்னமடுச் சனங்களைப் பற்றியது. இரண்டு வருடம் அவர்களுடைய ஓலைக் குடில்களில் இருந்து சாப்பிட்டு, யார் யாருக்கு மச்சான், யார் யாரோடு பேச்சில்லை என்பதுவரை தெரிந்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை அகதிப் பள்ளிக்கூடத்தில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மீன்பாடுள்ள காலத்துத் திங்கட்கிழமை, பாதிப் பிள்ளைகள் கரைக்கு ஓடுகிற நாள். அப்படியொரு வரவு பரீட்சை நாளில்கூட அமைவதில்லை.

"எண்ணிப் பாருங்கோ மிஸ்" என்றார் அதிபர் நௌஃபர். வள்ளத்தில் வந்திறங்கியபோது அவருக்குப் பதினாறு வயது. இப்போது தாடியில் பாதி வெள்ளை. "கூடினா எங்களுக்குத் தாங்கோ. குறைஞ்சா உங்கட கைக்காசில போடுங்கோ."

பளீலா எண்ணினாள். எண்ணி முடித்தும் போகவில்லை. பழைய பழக்கத்தில் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தாள். ஆய்வுக் காலத்தில் அவள் இங்கே ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு கேள்வி கேட்பாள். உன் ஊர் எது? உன் வீட்டு முற்றத்தில் என்ன மரம்? இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளையும் சின்னமடு என்றுதான் சொல்லும். கண்ணால் காணாத முற்றத்தின் மரங்களை இனம்பிரித்துச் சொல்லும். அந்தப் பதில்களின் மேல்தான் அவளுடைய ஆய்வின் நான்காம் அத்தியாயம் நின்றது.

"ஊர் எது?"

"சின்னமடு."

"முத்தத்தில என்ன மரம்?"

"ரெண்டு புளி மிஸ். கிணத்தடியில ஒரு மாதுளை."

"உன்ட முத்தத்தில?"

"ஒரு விளாத்தி. பெரியப்பா ஏறி விழுந்து கை முறிச்ச மரம்."

பதினொரு வருடத்துக்கு முன் கேட்ட அதே மரங்கள்; அதே கை முறிவு. பளீலா நாலாவது வரிசைக்கு வந்தாள். அங்கே மர்ஸூக் என்று ஒரு குண்டுப் பையன்.

"ஊர்?"

"சின்னமடு."

"முத்தத்தில என்ன மரம்?"

"தென்னை மிஸ். பதினெட்டு மரம் ஈக்கி. போன கிழமதான் வாப்பா தேங்கா புடுங்கின."

பின்னால் இருந்த பிள்ளை அவன் முதுகில் கிள்ளியது. இருபத்துமூன்று வருடமாகப் பற்றை மூடிக் கிடக்கும் முற்றத்தில் போன கிழமை தேங்காய் பிடுங்கிய வாப்பாவைப் பளீலா அதுவரை சந்தித்ததில்லை.

"சின்னமடுவிலயா புடுங்கின?"

"ஓம் மிஸ்" என்றான் மர்ஸூக். சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் விட்டுவிடக்கூடாதே என்று, "மன்னார் மாவட்டம்" என்றும் சேர்த்தான்.

அதன் பிறகு அவள் மரத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு போனாள். ஒன்று மறந்துவிட்டது என்றது. ஒன்று "மாமரமா மிஸ்?" என்று அவளிடமே விடை கேட்டது. இன்னொன்று "அத சேர் சொல்லித்தரல்ல" என்று அழப் பார்த்தது. மொத்தம் பதினொன்று.

அதிபரின் அறையில் பால்தேத்தண்ணி வந்தது. பளீலா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள்:

"சேர், உங்கட பள்ளிக்கூடத்தில பதினொரு பிள்ளைகளுக்கு முத்தமே இல்ல."

நௌஃபர் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் ஒரு முகம் வேண்டும். அதை அவர் காலையிலிருந்து செலவழித்துவிட்டிருந்தார்.

"ஊர்ப் பேரச் சொல்லிக் குடுத்தன். பள்ளிவாசல் பேரச் சொல்லிக் குடுத்தன். லெப்பைட பேரயும் சொல்லிக் குடுத்தன்" என்றார். "மரத்த ஆராவது சொல்லிக் குடுப்பாங்களா மிஸ்? தன்ட முத்தத்து மரம் தெரியாத பிள்ளையும் உலகத்தில இருக்குமெண்டு நான் கண்டனா?"

"ஆருட பிள்ளைகள்?"

"றைஸா டீச்சர்ட."

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அதிபர் றைஸா. கதிரைக்குப் பெயின்ற் அடித்தவர்.

"கதிரை தராதவ பிள்ளையத் தந்தாவா?"

"கைமாத்து. பின்னேரம் திருப்பிக் குடுத்திடுவம். நாளைக்கு நீங்க அங்க எண்ணப் போறீங்கதானே, அங்கயும் குறையுது. ஊர்ச் சனம் பிள்ளைகள டவுனுக்கு வேன் பிடிச்சு அனுப்புது. எங்கட சனம் சின்னமடுவுக்குத் திரும்பப் போகுது. ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம். அதால எங்கட பதினொன்டு நாளைக்கு அங்க போகும்." கோப்பையைக் கீழே வைத்தார். "பதினொன்டுக்குப் பதினொன்டு. வட்டி கிடையாது. வட்டி ஹராம்தானே."

பளீலாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்ததை அடக்கினாள்.

"என்ன எழுதப் போறீங்க மிஸ்?"

"பார்த்தத."

"பார்த்தது ஐம்பத்திரண்டு."

"பார்த்தது நாப்பத்தொன்டும் பதினொன்டும்."

நௌஃபர் ஜன்னலால் வெளியே பார்த்தார். இடைவேளை மணி அடித்திருந்தது. "பெரிய வகுப்புகளில பொம்புளப் பிள்ளைகள் பதினாலு பேர்" என்றார், உப்பு விலை சொல்வதுபோல. "சந்திப் பள்ளிக்கூடத்துக்கு அதில ரெண்டு போகும். மிச்சம் பன்னெண்டையும் உங்கட அடுத்த ஆய்வுக்கு எடுங்கோ."

அன்று மாலை கொழும்பிலிருந்து திட்டப் பணிப்பாளர் போனில் கோல் எடுத்தார். புதன்கிழமைக்குள் எண்ணிக்கை வேண்டும் என்றார். "அந்தச் சனம் உங்களிடம் பொய் சொல்லாது, கலாநிதி. அதற்காகத்தானே உங்களை அனுப்பினோம்."

"ஓம்" என்றாள் பளீலா. சரக்கில் கல் கலந்திருப்பது தெரிந்த பிறகும் நிறுவை சரியென்று சொல்கிற வியாபாரியின் 'ஓம்' அது. உண்மையை எழுதினால் இரண்டு பள்ளிக்கூடமும் போகும். பொய்யை எழுதினால் இரண்டும் ஒரு வருடம் நிற்கும்; அடுத்த வருடம் வேறொருவர் எண்ண வருவார். அவர் மரத்தைக் கேட்கமாட்டார், பிறப்புச் சான்றிதழைக் கேட்பார். அன்றைக்குப் பள்ளிக்கூடங்களோடு பளீலாவின் பெயரும் மூடப்படும்.

செவ்வாய்க்கிழமை றைஸா வாசலிலேயே நின்றார். ஓய்வூதியத்துக்கு இரண்டே வருடம் இருந்த, பெரிய உடம்புக்காரி.

"வாங்க மகள். நேத்து அங்க எல்லாம் நல்லமா?"

"முழு வரவு டீச்சர்."

"மாஷா அல்லாஹ். இங்கயும் அப்படித்தான் ஈக்கி."

அப்படித்தான் இருந்தது. ஐம்பத்துமூன்று. ஊர் எது என்று கேட்டால் நாவற்திடல் என்று ஒரே குரலில் வந்தது. பளீலா மரத்துக்கு வந்தாள்.

"தென்னை மிஸ். பதினெட்டு."

அடுத்த பிள்ளை: "தென்னை. பதினெட்டு."

அடுத்தது: "பதினெட்டுத் தென்னை மிஸ்."

நௌஃபர் இரவோடிரவாக வீடு வீடாகக் கோல் எடுத்து மரத்தையும் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். கையில் கிடைத்த ஒரேயொரு மாதிரி விடை மர்ஸூக்கினுடையது. சின்னமடுப் பிள்ளைகள் பத்துப் பேர் அதை அப்படியே ஒப்புவித்தார்கள். அந்த ரோட்டில் காணி விலை தெரிந்தவர்களுக்கு, இத்தனை பதினெட்டுத் தென்னை இருந்தால் இந்தச் சனம் ஏன் கூலிக்குப் போகிறது என்ற கேள்வி வரும்.

பதினோராவது பிள்ளை ஸஃப்னா. பத்து வயது. சுல்பாவின் மகள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. பளீலா இங்கே தங்கியிருந்த காலத்தில் சுல்பா புதுப் பெண். அவள் சோறாக்கிப் போட்டு, தன் உம்மா வீட்டு வேம்பு இரண்டையும் தேசி மரத்தையும் பளீலாவுக்குப் படம் கீறிக் காட்டியவள்.

"முத்தத்தில என்ன மரம்?"

"கொய்யா" என்றாள் ஸஃப்னா.

பக்கத்துப் பிள்ளை முழங்கையால் இடித்தது. "தென்னடி."

"கொய்யாதான். ஒன்டு. நான் வெச்சது. இன்னும் காய்க்கல்ல."

பளீலா குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "உம்மா ரெண்டு வேம்பு சொல்லுவாவே? ஒரு தேசியும்?"

"அது உம்மாட முத்தம்."

"அப்ப உன்ட ஊர் எது?"

"நாவற்திடல்." ஸஃப்னா சுற்றிப் பார்த்தாள். பிறகு, இரகசியத்தை மலிவாகக் கொடுப்பதுபோல மெதுவாகச் சொன்னாள்: "இன்டைக்கு மட்டும் அப்படிச் சொல்லலாமெண்டு சேர் சொன்னவர்."

பொய் சொல்லக் கொடுத்த ஒருநாள் அனுமதியில் அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

பளீலா வராந்தாவில் போய் நின்றாள். நான்காம் அத்தியாயத்தின் பிள்ளைகள் எல்லோரும் சின்னமடு என்று சொன்னபோது, அவர்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு உம்மாவோ ஒரு சேரோ நின்றிருந்தார்கள். அந்த விவரம் அத்தியாயத்தில் இல்லை. இனி அதைத் திருத்திப் பயனில்லை. பட்டம் எப்போதோ வாங்கியாயிற்று. ஆனால் ரோட்டின் இந்தப் பக்கம் என் ஊர் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வருடத்தில் ஒருநாள் போதாது என்பது மட்டும் அவளுக்கு விளங்கியது.

அப்போதுதான் லொறி நினைவுக்கு வந்தது. கடைத்தெருவில் கருவாடு குறைவாக விழும் காலத்தில் ஒரு வியாபாரியால் கொழும்புக்கு ஒரு லொறி நிரப்ப முடியாது. அரை லொறிக்கு முழு வாடகை கொடுக்க எவனுக்கும் பைத்தியமில்லை. எனவே காலையில் சண்டை பிடித்த இருவர் மாலையில் ஒரே லொறியில் ஏற்றுவார்கள். இவன் சாக்குக்குச் சிவப்பு நூல், அவன் சாக்குக்கு நீல நூல். லொறி ஒன்று, கணக்கு இரண்டு.

அவள் நௌஃபரை வரச் சொன்னாள். மோட்டார் சைக்கிளில் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டார். றைஸாவின் அறையில் நல்ல கதிரைகள் இருந்தன. நௌஃபர் உட்காரும் முன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"பெயின்ற் காஞ்சிட்டுது சேர், இருங்க" என்றார் றைஸா.

"நாப்பத்தொன்டும் நாப்பத்திரண்டும் எவ்வளவு?" என்று கேட்டாள் பளீலா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூட்டல் தெரியாமல் அல்ல, விளங்கிவிட்டது.

"எண்பத்துமூணு" என்றாள் அவளே. "கடைத்தெருவில லொறி ஒன்டு, கணக்கு ரெண்டு எண்டுவாங்க. அதுபோல ஒரு பதிவு, ரெண்டு வளவு. சின்ன வகுப்பு இங்க, பெரிய வகுப்பு அங்க. ஒரு கட்டிடமும் மூடத் தேவையில்ல. ஒரு பிள்ளையும் பஸ் ஏறத் தேவையில்ல. நான் பொய்யும் எழுதத் தேவையில்ல."

"அதிபர்?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். இருபத்துமூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் வார்த்தை அதுவாக இருக்கலாம்.

"ஒருத்தர்தான்."

பேரம் மதியத்து லுஹர் பாங்கு வரை நடந்தது. மூத்தவர் முதலில் என்றார் றைஸா. தான் இரண்டு வருடத்தில் போய்விடுவதாகவும் பிறகு முழுவதும் நௌஃபருக்கே என்றும் சொன்னார்.

"டீச்சர் எங்க போறது? கதிரைய விட்டுப் போற ஆளா நீங்க?"

"நான் போனாப் பொறகு நீங்க பத்து வருஷம் ஈக்கலாம். நான் ரெண்டுதானே கேக்கிற. இது நட்டமா, செல்லுங்க?"

அதிபர் பதவிக்கு நௌஃபர் அதிகம் இழுக்கவில்லை. அவர் இழுத்தது வேறொன்றுக்கு. "பேர் போகக்கூடாது மிஸ். சின்னமடு எண்ட பேர் இப்ப இருக்கிறது எங்கட பள்ளிக்கூடப் பலகையில மட்டும்தான். அங்க போனவங்களுக்கே இன்னும் பலகை இல்ல."

றைஸா மேசையிலிருந்த வரவுப் பதிவேட்டை இழுத்துப் புரட்டினார். கணக்குப் போடுகிறாரா, மனசு இரங்குகிறாரா என்று பளீலாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல வியாபாரியிடம் இரண்டும் ஒரே முகம்தான்.

"பெரிய வகுப்பு வளவுக்கு அந்தப் பேர் ஈக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா கிணத்துக்கு வாற ரோட்டுல இனி அகதிப் பள்ளிக்கூடம் எண்டு ஆரும் செல்லக்கூடாது. எங்கட பிள்ளையும் அங்கதானே படிக்கப் போற."

நௌஃபர் கதிரையின் கையை இன்னொரு முறை தடவினார்.

பளீலா இரவே எழுதினாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று உள்ளபடி போட்டாள். அதன் கீழ், 'இரண்டு பாடசாலைகளுக்கும் இடையில் மாணவர் பரிமாற்றம் ஏற்கனவே சமூகத்தின் சொந்த முயற்சியில் நடைமுறையில் உள்ளது' என்று ஒரு வரி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கொழும்புக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. பரிசோதனையாக இரண்டு வருடத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இந்த முறையை மற்ற மாவட்டங்களுக்கும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பளீலாவுக்கு மேலும் முப்பது நாள் வேலையும் கொடுத்தார்கள். என்ன முறை என்று அவர்கள் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை.

புதிய பதிவு நடைமுறைக்கு வருவதற்கு முந்திய கிழமை அவள் ஒருமுறை போனாள். நௌஃபர் ரோட்டின் தன் பக்கத்தில், கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கத்தில் ஊர்ப் பிள்ளைகள் மணி அடிக்கக் காத்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் ஸஃப்னா. அவளோடு இன்னொரு சின்னமடுப் பிள்ளை.

"என்ன சேர், கணக்குப் பார்க்கிறீங்களா?"

"பார்க்காம? அன்டைக்கு நான் குடுத்தது பதினொன்டு. பின்னேரம் வந்தது ஒன்பது. மிச்ச ரெண்டும் அடுத்த நாளே திரும்பவும் அங்க போய் இருந்திட்டுதுகள். உம்மாமார் பேசினாங்க, நான் பேசினன். வரமாட்டுதுகள்."

"நீங்க வாங்கினது?"

"அதுவும் பதினொன்டு. பத்தத் திருப்பினன்." நௌஃபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வளவுக்குள்ளே மர்ஸூக் பந்து போட ஓடி வந்துகொண்டிருந்தான். "அவன் போறானில்ல. நானும் கலைக்கல்ல. நல்லாப் பந்து போடுறான்."

"வாற கிழமை எல்லாம் ஒரே பள்ளிக்கூடம்தானே சேர். இனியென்ன கணக்கு?"

"லொறி ஒன்டெண்டாலும் கணக்கு ரெண்டெண்டு சொன்னது நீங்கதானே மிஸ்" என்றார் அவர். விரலை மடக்கினார். "எனக்கு வரவேண்டியது ரெண்டு. நான் குடுக்கவேண்டியது ஒன்டு. கழிச்சா, றைஸா டீச்சர் எனக்கு ஒரு பிள்ளை பாக்கி."